பழத்துக்கு முன் பரிசோதனைத் தாள்

சிறுநீரகத்தில் பழுது என்று தெரிந்ததும் ‘பழமே வேண்டாம்’ என்று மறிக்கிறவர்களும் உண்டு, ‘பழம்தானே, என்ன செய்யும்’ என்று விடுகிறவர்களும் உண்டு. நோயாளியின் இரத்தத்தில் பொற்றாசியம் எவ்வளவு என்று பாராமல் முடிவெடுப்பதால் இரு தரப்புமே பிழைவிடுகிறது. லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பான அளவு. பழுதான சிறுநீரகம் பொற்றாசியத்தை வெளியேற்றத் தவறும்போது அது ஏறி, முன்னறிகுறி இல்லாமலே இதயத்துடிப்பைக் குழப்பக்கூடும். ஆனால் நோயின் தொடக்க நிலையில் பலருக்கு அளவு இயல்பாகவே இருக்கும். அவர்களிடமிருந்து பழத்தைப் பறிப்பதால் மலச்சிக்கல்தான் மிஞ்சும். குடல்வழியும் கொஞ்சம் பொற்றாசியம் கழிகிறபடியால் மலச்சிக்கலும் இந்த நோய்க்கு நல்லதல்ல.

அளவு ஏறியவருக்கே தெரிவு கண்டிப்பாகிறது. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 415 மில்லிகிராம், வாழைப்பழத்தில் 360, பப்பாளியில் 180, அன்னாசியிலும் ஆப்பிளிலும் 110 அளவில் பொற்றாசியம் உண்டு. ஆகவே வெளிநாட்டு ஆப்பிளுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, அன்னாசித் துண்டுகள் சில போதும். நீரிழிவும் உள்ளவர் அதிலும் அளவு பார்க்க வேண்டும். வெயிலுக்கு இதம் என்று குடிக்கும் ஒரு குவளை இளநீரில் 600 மில்லிகிராம் வரை இருக்கும். பனங்களியைக் காயவைத்த பனாட்டில் நீர் வற்றிச் சத்தெல்லாம் செறிந்திருப்பதால் சின்னத் துண்டும் சின்னதல்ல.

இயற்கையானது கெடுதி செய்யாது என்ற வாதத்துக்குக் காமரங்கா ஒன்றே பதில். அதிலுள்ள கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் இனங்கண்டார்கள். பழுதான சிறுநீரகத்தால் அதைக் கழிக்க முடியாது. ஓயாத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகலாம். அதன் ஒக்சலேற்று நல்ல சிறுநீரகத்தையும் கெடுத்த சம்பவங்கள் இலங்கை மருத்துவர்களாலேயே பதிவாகியுள்ளன. கொலஸ்ட்ரோலுக்கு மருந்தென்று கேரளத்தில் பிலிம்பிச் சாறு குடித்தவர்களுக்கும் அதே கதி. இந்த இரண்டிலும் ‘கொஞ்சம்’ என்ற பேச்சே கிடையாது.

யாழ்ப்பாணத் தீவக நோயாளிகளுக்குப் பயணமும் ஒரு கவலை. பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. ஆனால் நெடுந்தீவும் நயினாதீவும் குறிகட்டுவான் படகை நம்பியவை. கடல் கொந்தளித்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகமுடியாத நாட்களில் என்ன உண்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிவைப்பது அவசியம். அந்நாட்களில் இளநீரும் வாழைப்பழமும் அறவே ஆகாது. கிளினிக்கில் ‘என்ரை பொற்றாசியம் எவ்வளவு?’ என்று கேட்பதும், ஆங்கிலத் தாளைத் தமிழில் விளக்கச் சொல்வதும் நோயாளியின் உரிமை. அதை ஆரும் சலுகையென்று நினைக்கத் தேவையில்லை. தீவக வைத்தியசாலைகளில் இந்தப் பரிசோதனை நடக்கிறதா, ஏன் தடைப்படுகிறது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பித்துக் கேட்கலாம்; உரிய தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும்.