கட்டுமரம் கடல் கடந்த வரலாறு

ஆஸ்திரேலியக் கரையில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விரைவுக் கப்பலாயினும், ஐரோப்பியக் கரைகளில் செல்வர்கள் உல்லாசமாகச் செலுத்தும் பாய்ப்படகாயினும், இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய கலத்துக்கு ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பதே பெயர். இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் நம் மீனவக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ‘கட்டுமரம்’ என்ற சொல்லே அது என்பதை ஆங்கில அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன.

கட்டுமரத்துக்குப் பலகையும் இல்லை, ஆணியும் இல்லை. எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, முனை மேல்நோக்கி வளையுமாறு செதுக்கி, கயிற்றால் பிணைத்து அலைமேல் விட்டால், இடுக்குகளின் வழியே புகுந்த ஜலம் அவ்வழியே வடிந்துவிடுமாதலால், அலை தலைக்குமேல் புரண்டாலும் அது மூழ்குவதில்லை. கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். நனைந்த மரம் கனக்குமன்றோ?

இந்த எளிய கலத்தின் அருமையை அந்நியர் உணர்ந்ததற்குக் காரணம் சென்னையின் கடலே. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் இடம் பெற்ற இக்கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும் வரையில், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டியே கரை சேரவேண்டியிருந்தது. அப்படகுகளும் அஞ்சும்படி கடல் கொந்தளித்த நாட்களில், கூம்பு வடிவான பின்னல் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கம்பெனியாரின் கோட்டைக்கும் இடையே சென்றுவந்தவர்கள் கட்டுமரக்காரர்களே.

1690-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கியிருந்த ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளியிட்ட தமது பிரயாண நூலில், தென்னமெரிக்கக் கரையின் மரத்தெப்பங்களை வருணிக்கும்போது, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் அதன் பெயராலேயே குறிப்பிடுகிறார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பர்னெலும், ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

கடல் கடந்த சொல் புதிய அர்த்தங்களையும் ஏற்றது. 1804-இல் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்க, ராபர்ட் ஃபுல்டன் என்னும் அமெரிக்கர் வகுத்த முறைப்படி ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமருந்து மிதவைகளுக்கு இப்பெயரே வழங்கிற்று. அதே நூற்றாண்டில், சண்டைக்காரியான பெண்ணை இழித்துரைக்கவும் இச்சொல் உபயோகப்பட்டது. 1876-இல் நாதனேல் ஹெர்ரெஷாஃப் என்னும் அமெரிக்கப் படகுச் சிற்பி, ‘அமரில்லிஸ்’ என்ற தமது இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றப் படகுகளை மிக எளிதில் முந்திவிட, அதன் பிறகே இன்றைய பொருள் வேரூன்றியது. இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவினர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது. பெயர் மட்டும் நம்முடையது. இருப்பினும், பல மரங்களைப் பிணைத்து ஒரு கலமாக்குவது என்னும் மூலக்கருத்து அப்பெயருக்குள் இன்றளவும் உயிரோடிருக்கிறது என்பதே என் துணிபு.

சொல் இவ்வாறு வாழ, அதைப் பெற்றெடுத்த கலமோ நம் கண்முன்னே மறைந்துவருகிறது. இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் முன்னமே பரவத் தொடங்கியிருந்தன; 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் அவையே. அதிகத் தூரம் செல்லவும், அதிக மீன் கொண்டுவரவும் உதவும் படகை மீனவர் ஏற்றதில் குற்றமொன்றுமில்லை. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலில் வசதியை வேண்டாமென்பதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?

ஆனால், எந்த மரத்தை எவ்வாறு செதுக்கவேண்டும், எந்தக் கயிற்றால் எப்படிப் பிணைக்கவேண்டும், வாடைக் காற்றிலும் கொண்டல் காற்றிலும் கச்சான் காற்றிலும் எவ்விதம் செலுத்தவேண்டும் என்ற வித்தை முதியவர்களின் கைகளிலும் ஞாபகத்திலுமே தங்கியிருக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் படித்து வளரும் இளைஞர்கள் தம் பாட்டனாரிடம் இவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அரசாங்கமும் இக்கரையிலேயே ஒரு காட்சிசாலை அமைத்து, கட்டுமரம் கட்டும் கலையைத் தெரிந்தவர்களைக் கொண்டே கற்பிக்க முன்வர வேண்டும். இதைச் செய்வதற்குரிய காலம் இப்பெரியவர்கள் நம்மிடையே இருக்கும் வரையில்தான்.