பீமா ஆற்றில் வந்திறங்கும் வடக்கு வானம்

தை மாதத்து விடியல். கும்பார்காவ் கரையிலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும் படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டார். அதற்குமேல் மூங்கில் கழிதான். பனிமூட்டம் விலக விலக, தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. எதிர்க்கரை என்றுதான் நினைத்தேன். கோடு அசைந்தது. அத்தனையும் பூநாரைகள்!

புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் பிக்வண்; கும்பார்காவ் அதன் அருகேதான். பீமா ஆற்றின் குறுக்கே 1980-ல் கட்டி முடித்த உஜனி அணையின் நீர் இங்கே கடல்போலப் பரந்து கிடக்கிறது. ஊரும் வயலும் கோயிலும் மூழ்கிய நீர் இது. கோடையில் வற்றும்போது பளஸ்தேவ் ஊரின் பழைய சிவன் கோயில் வெளியே தலைகாட்டும். பாசனத்துக்காக மனிதன் தேக்கிய நீரைப் பறவைகள் தாமாகவே கண்டுகொண்டன.

இதில் என்னை நெகிழ வைப்பது காலக்கணக்கு. பருவமழையில் நிரம்பும் ஏரி, குளிர்காலத்தில் வயல்களுக்கு நீர் போகப் போக மெல்ல இறங்குகிறது. சேற்றுத் திட்டுகள் வெளிப்படுகின்றன. புழுவும் நத்தையும் பாசியும் அலகுக்கு எட்டுகின்றன. சரியாக அதே நாட்களில் சைபீரியச் சதுப்புகள் பனியில் உறைந்து கிடக்கின்றன. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரிக்கும் ஊசிவால் வாத்தும் பேதை உள்ளானும் இந்தச் சேற்றை நம்பித்தான் அத்தனை தூரம் பறந்து வருகின்றன. அங்கே கதவடைக்கும் வேளையில் இங்கே இலை போட்டு வைத்தது யார்?

வரித்தலை வாத்தைப் பாருங்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான் அலங்காரம். மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7,290 மீட்டர் உயரம்வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் நமக்கு நடக்கவே மூச்சு வாங்கும். இதன் இரத்தத்து ஹீமோகுளோபினோ கிடைக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் விடாமல் பற்றிக்கொள்கிறது. மலையைக் கடக்கப் பெரும்பாலும் இரவையும் அதிகாலையையுமே தேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சிறகைத் தாங்கும். எந்தப் பள்ளியில் படித்தது? இதே வாத்து நம் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வருகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும்.

படகு ஒரு திட்டருகே நின்றது. இருபது முப்பது அடியில் ஒரு பெரும் பூநாரை. காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கியது. பிறகு தலையை முழுக்கக் கவிழ்த்து அலகை நீரில் வைத்தது. மேல்தாடை கீழே, கீழ்த்தாடை மேலே. நாக்கு பம்புபோல நொடிக்குப் பல முறை நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்துச் சீப்புப் பற்கள் சேற்றை விலக்கி இரையை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. அந்த இரையிலுள்ள நிறமிதான் சிறகில் சிவப்பாக ஏறுகிறது. சாம்பல் நிறத்தில் பிறக்கும் குஞ்சு, உண்டு உண்டுதான் சிவக்கிறது. உணவே உடுப்பு!

உண்டு முடித்ததும் ஒற்றைக் காலில் நின்று உறங்கியது. அந்த நிலையில் தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்று 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எலும்பும் மூட்டும் தாமே பூட்டிக்கொண்டு உடலைத் தாங்குகின்றன. தவம் என்று நாம் சொல்வது அதற்கு ஓய்வு. இப்படி ஒன்றைப் படைத்தவன் அந்த மெல்லிய காலையும் எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறான்!

படகில் இருந்த ஒருவர், எல்லாம் ஒன்றாகப் பறந்தால் படம் எடுக்கலாமே என்றார். படகுக்காரர் தலையசைத்து மறுத்துவிட்டார். அவரை மனதார வணங்கினேன். இரை தேடும் வேளையில் விரட்டப்படும் பறவை, திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை அந்த வீண் பறத்தலில் இழக்கிறது.

மார்ச் வரை அவை அங்கே இருக்கும். வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். விடியுமுன் போங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். பறவைகளை எழுப்பிக் காட்டச் சொல்லிப் படகுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள்.