கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஓர் உடம்பு

விடியற்காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டுக்காக ஷட்டரைத் தூக்கும் மளிகைக் கடைக்காரர், அதை இறக்கும்போது இரவு பத்தரை ஆகிவிடுகிறது. மதியம் இரண்டு மணி நேரம் சாத்தினாலும் நாளொன்றுக்கு 15 மணி நேரம். ஞாயிறும் திறந்தால் வாரத்துக்கு 105. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்கிறது அது. திங்கட்கிழமை தொடங்கும் நம் கடைக்காரர் அந்த 55-ஐ வியாழக்கிழமையே தாண்டிவிடுகிறார்.

இவரிடம் "நடைப்பயிற்சி போங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் போதாது. அது அவருக்கும் தெரியும். கடை விட்டால்தானே! உடம்பைச் சரிசெய்ய வேண்டுமானால், முதலில் கடை நடக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

நின்றே கழியும் நாள்

கால்களுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது சுருங்கி விரியும். ஒரே இடத்தில் நின்றால் சும்மா இருக்கும். ரத்தம் தேங்கி, சிரைகளின் வால்வுகள் தளர்ந்து, நரம்பு முடிச்சுபோல நீலமாகப் புடைத்துக்கொள்ளும். மாலையில் கணுக்கால் வீங்குவதும், அந்த இடத்துத் தோல் கறுத்து அரிப்பதும் அடுத்த கட்டம். புண் வந்தபின் ஆற மாதக்கணக்கில் ஆகும். எனவே தோல் கறுக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. முதலாளிக்கு நாற்காலி போட எந்தச் சட்டமும் வராது. அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். மேசை உயரத்துக்கு ஒரு ஸ்டூல், கால் வைக்க ஒரு மரப்பலகை. அடிக்கடி விற்கும் பருப்பும் எண்ணெயும் இடுப்புயரத் தட்டில் இருந்தால், குனிந்து நிமிரும் வேலையும் பாதியாகக் குறையும்.

தண்ணீர் குடிக்காமல் ஒரு வியாபாரம்

தையல் கடை, ஃபேன்சி ஸ்டோர், ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண்கள் பலர் பகலெல்லாம் தண்ணீரைத் தொடுவதில்லை. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆளுமில்லை. சித்திரை வெயிலிலும் இப்படி இருந்தால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் தேடி வரும். சகித்துக்கொள்ள வேண்டிய விஷயமே அல்ல இது. பக்கத்துக் கடையோடு பேசி, காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடை வாடகைக்குப் பிடிக்கும்போது, முன்பணம் பேசுவதற்கு முன்பே கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பசியை டீயால் அடக்கும் பழக்கத்தை விடுங்கள். இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ ஆறு குடித்தால் சர்க்கரை மட்டும் சுமார் 60 கிராம். நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"வாயுதான்" என்று தள்ளிப்போடாதீர்கள்

நெஞ்சில் பாரம், இடதுகையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை. கடையில் கூட்டம் நிற்கிறது. ஒரு சோடா குடித்துவிட்டு, "ராத்திரி சாத்திட்டுப் பாத்துக்கலாம்" என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்! மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். ஷட்டர் திறந்தபடியே கிடக்கட்டும், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால், முதலில் தரவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன.

கடன் நோட்டும் தூக்கமும்

கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உழைப்பு அல்ல, கணக்கு. தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு எழுதி, கையில் 8,500 தருவார்கள்; நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாலையானால் தண்டல்காரரின் வண்டிச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான 'சிசு' கடனுக்கு அடமானம் தேவையில்லை. வங்கியில் நாலு முறை அலையவேண்டி வரலாம், ஆனாலும் அலையுங்கள்.

வாடிக்கையாளர் பாக்கியும் அப்படியே. வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வையுங்கள். அதைத் தாண்டிக் கேட்பவரிடம், "போன மாசத்தத் தீர்த்துட்டு வாங்க அண்ணே" என்று சொல்வது முதல் தடவைதான் கஷ்டம். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளம்போல எடுத்துக்கொண்டால், லாபமா நட்டமா என்ற குழப்பமும் தீரும். இரவுக் கணக்கைக் கடையிலேயே முடித்து நோட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். கடன் நினைப்பில் தூக்கமே வராமல், வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

நீங்கள் இல்லாத ஒரு மணி நேரம்

கடையை விட்டு நகர முடியாததற்குக் காரணம், விலையும் சரக்குக்காரர் எண்ணும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதுதான். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கோ தம்பிக்கோ கடைப் பையனுக்கோ பழக்குங்கள். க்யூஆர் அட்டை வந்தபின் பணம் நேராக வங்கிக்குப் போகிறது. கல்லாவை விட்டுப்போகும் பயம் முன்போல் இல்லை. ஒரு மணி நேரத்தில் தொடங்கி அரை நாள் வரை போகலாம்.

இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை என்ன விற்கிறது என்று இரண்டு வாரம் தனியாக எழுதிப் பாருங்கள். 400 ரூபாய்க்கு விற்று, நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் கிடைப்பது 40 ரூபாய். அதில் விளக்குச் செலவும் போகவேண்டும். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தை 40 ரூபாய்க்கு விற்கத்தான் வேண்டுமா? முன்கூட்டியே ஒரு பலகை எழுதி மாட்டினால், வாடிக்கையாளர்கள் ஒன்பது மணிக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறு பிற்பகல் விடுமுறைக்கும் அவர்கள் இப்படியே பழகிவிடுவார்கள்.

அப்படி மிச்சமாகும் நேரத்தில் முதல் வேலை பரிசோதனை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் 2021 முதல் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நீங்கள் கடையில் இருப்பீர்கள். ஆகவே ஒரு காலைப்பொழுது வெறும் வயிற்றில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே போய்விடுங்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐ எட்டினாலோ, மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்து மருந்தைத் தொடங்கச் சொல்வார்கள். மாத்திரை அங்கே இலவசம். போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சாவியோடு அந்த விலை நோட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.