வளிமச் சுவாலைப் பரவலில் சங்கிலி வினைகள்

வளிமக் கலவையின் ஓரிடத்தில் பற்றிய தீ, அருகிலுள்ள எரியாத பகுதிக்குத் தானாகவே நகர்ந்து செல்வது சுவாலைப் பரவல் எனப்படும். எரியும் அடுக்கிலிருந்து கடத்தப்படும் வெப்பமே அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறது என்று பிரெஞ்சு அறிவியலாளர்களான மல்லார், லெ சாட்டலியர் ஆகியோர் 1883-இல் விளக்கினர். இது பாதி உண்மையே. வெப்பத்துடன், ஐதரசன் அணு போன்ற வினைத்திறன் மிக்க தனி உறுப்புகளும் முன்னோக்கி விரவுகின்றன.

கிளைக்கும் சங்கிலி

இரண்டு ஐதரசன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிசன் மூலக்கூறும் சேர்ந்து நீராவதாகச் சமன்பாட்டில் எழுதுகிறோம். சுவாலையில் அவை அப்படி நேராக இணைவதில்லை. ஓர் ஐதரசன் அணு ஆக்சிசன் மூலக்கூறைத் தாக்கி, ஐதராக்சில் உறுப்பு ஒன்றையும் ஆக்சிசன் அணு ஒன்றையும் தருகிறது. அந்த ஆக்சிசன் அணு ஐதரசன் மூலக்கூறுடன் வினைபுரிந்து மற்றோர் ஐதராக்சிலையும் ஓர் ஐதரசன் அணுவையும் உண்டாக்குகிறது. இரு ஐதராக்சில்களும் ஐதரசன் மூலக்கூறுகளைத் தாக்கி நீராகும்போது மேலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் வெளிப்படுகின்றன. ஆக, ஒன்று மூன்றாகிறது. தடையேதும் இல்லையெனில் அடுத்த சுற்றில் ஒன்பது.

தடைகளும் உண்டு. அழுத்தம் மிகக் குறைந்தால் உறுப்புகள் கலத்தின் சுவரை அடைந்து அழிகின்றன. அழுத்தம் சற்று உயர்ந்தால், மூன்று துகள்கள் ஒருங்கே மோதும் வினையில் ஐதரசன் அணு ஆக்சிசனுடன் ஒட்டி, மந்தமான ஐதரோபெராக்சிலாகி விடுகிறது. இதனால் ஒரே வெப்பநிலையில், இடைப்பட்ட அழுத்தத்தில் வெடிக்கும் கலவை அதற்குக் கீழும் மேலும் அமைதியாக இருக்கும்! இப்புதிரை விடுவித்த செமியோனவ், இன்சல்வுட் இருவரும் 1956-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மீத்தேன் தானே ஐதரசன் அணுக்களைப் பறித்து, மந்தமான மெத்தில் உறுப்பாக மாறுகிறது. ஆகவே காற்றில் அதன் சுவாலை நொடிக்கு ஏறத்தாழ 0.4 மீட்டரே நகர்கிறது. ஐதரசன் சுவாலையோ 2 முதல் 3 மீட்டர் வரை பாய்கிறது.

சுவாலையைத் தடுத்தல்

இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812-இல் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். 1815-இல் அம்ப்ரி டேவி அமைத்த காப்பு விளக்கில், நுண்ணிய கம்பிவலை சுவாலையைக் குளிர்வித்து வெளியேறாமல் நிறுத்தியது. மீத்தேன் சுவாலையை அணைக்க ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளியே போதும், ஐதரசனுக்கு 0.6 மி.மீ. அளவு நெருக்கமான இடைவெளி வேண்டும். மீத்தேனுக்கென அமைந்த வலையை ஐதரசனுக்கு நம்ப முடியாது என்பதைத் தொழிற்சாலைகளில் மறக்கலாகாது.

ஏலான் தீயணைப்பான்கள் சங்கிலியையே அறுக்கின்றன. அவற்றின் புரோமின், ஐதரசன் அணுக்களைப் பிடித்து ஐதரசன் புரோமைடாகிறது. அது மற்றோர் ஐதரசன் அணுவுடன் வினைபுரிந்து புரோமினாக மீள்வதால் சிறிதளவே போதுமானது. அதே புரோமின் வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓசோனைச் சங்கிலி வினையால் அழிப்பதால், வளர்ந்த நாடுகளில் 1994 முதல் ஏலான் உற்பத்தி நிறுத்தப்பட்டது.