செவிலியர் பணியில் சட்டப் பொறுப்பு

செவிலியர் தம் பணியில் செய்யும் செயலுக்கும், செய்யாமல் விட்ட செயலுக்கும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டிய நிலையே செவிலியரின் சட்டப் பொறுப்பு எனப்படும். மருத்துவர் சொன்னதைச் செய்பவர்தானே செவிலியர், தவறு நேர்ந்தால் அவர் மேல் என்ன வழக்கு வரும் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றிச் செவிலியர் சிலரிடமும் உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

2023 செப்டம்பரில் கடலூர் அரசு மருத்துவமனையில் நடந்த நிகழ்வு பலருக்கு நினைவிருக்கலாம். சளித் தொல்லைக்காக அழைத்து வரப்பட்ட 13 வயதுச் சிறுமிக்கு நாய்க்கடிக்கான தடுப்பூசி போடப்பட்டது. பணியிலிருந்த செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சீட்டை வாங்கிப் பெயரையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். பணியில் இருக்கும் செவிலியருக்குச் சட்டப் பிரச்சினை பெரும்பாலும் இப்படிப்பட்ட அரை நிமிடங்களில்தான் தொடங்குகிறது.

பதிவு

செவிலியராகப் பணியாற்றப் படிப்பு மட்டும் போதாது. மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம். நாடு முழுமைக்குமாக 1947இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

எது கவனக்குறைவு?

தவறு நேர்ந்துவிட்டாலே அது சட்டப்படி கவனக்குறைவு ஆகிவிடாது. நோயாளியைக் கவனிக்கும் கடமை இருந்ததா, அக்கடமையில் தவறினாரா, அந்தத் தவறினால்தான் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். அதே பயிற்சியுள்ள சராசரிச் செவிலியர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்க்கும் ஒருவர், கை வெந்து மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பென்சிலின் ஊசி எழுதுகிறார். ‘இதற்கு முன் இந்த மருந்து போட்டு ஒவ்வாமல் போனதுண்டா?’ என்று செவிலியர் கேட்கிறார்; டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருந்து, பிறகு முழு மருந்தைச் செலுத்துகிறார். அதற்குப் பின்னும் ஒவ்வாமை ஏற்பட்டு, உடனே மருத்துவரை அழைத்து அவசர மருந்தும் தரப்படுகிறது. நோயாளி துன்பப்பட்டாலும் இங்கே கவனக்குறைவு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஊசி போட்டிருந்தால் கதை வேறு. எழுதிய மருந்தளவு தவறு என்று தெரிந்தும் போட்டிருந்தால், ‘டாக்டர் சொன்னார்’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் திரும்பக் கேட்பதும் செவிலியரின் கடமைதான்.

ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு

இந்தியாவில் செவிலியர் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாதது ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைபாய்டு காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்குச் செவிலியர் லாரியாகோ என்ற மருந்தை நரம்பு வழியே செலுத்தினார். குழந்தை அங்கேயே சரிந்தது. உயிர் பிழைத்தாலும் மூளை மீள முடியாதபடி பாதிக்கப்பட்டது. விசாரணையில் அந்தச் செவிலியர் எந்த மாநிலக் குழுமத்திலும் பதிவு பெறாதவர் என்று தெரிந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் வழங்கிய இழப்பீட்டை 1998இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

தகுதியில்லாதவரைப் பணியில் வைத்த மருத்துவமனையும் பொறுப்பு என்பது இதில் தெளிவானது. சிறு நகரங்களில் ‘நர்ஸ் வேலைக்கு ஆள் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேரும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குறைந்த சம்பளத்துக்கு வெள்ளை உடை கொடுத்து ஊசியையும் கையில் கொடுப்பவர்கள், வழக்கு வரும்போது உடன் நிற்பார்கள் என்று நம்ப முடியாது.

இழப்பீடு யார் தருவது?

பணியாளர் பணிநேரத்தில் செய்த தவறுக்கு அவரை நியமித்தவரும் பொறுப்பு என்பது பொது விதி. நிரந்தரப் பணியாளர், தொகுப்பூதியப் பணியாளர் என்ற வேறுபாட்டைக் காட்டி மருத்துவமனை இதில் நழுவ முடியாது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்துக்கு அது பொருந்தாது. அங்கே உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி.

அரசும் தப்ப முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்குகளே சான்று. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்யாததால் பார்வை போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய். 2018இல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட நிகழ்வில், 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது.

இவ்வழக்குகளில் எல்லாம் முதலில் புரட்டப்படுவது கேஸ் ஷீட். மருந்து கொடுத்த நேரம், மருத்துவரை அழைத்த நேரம், தொலைபேசியில் அவர் சொன்னது, எல்லாம் அவ்வப்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத வேலையைச் செய்ததாக நிரூபிப்பது கடினம். பின்னால் அடித்துத் திருத்திய பதிவு, எழுதாததைவிடக் கேடு.

குற்றவியல் பொறுப்பு

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு இதை 5 ஆண்டாக உயர்த்தியது. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்த தவறுக்கு மட்டும் 2 ஆண்டு வரம்பு தொடர்கிறது. ‘பதிவுபெற்ற மருத்துவர்’ என்பதற்கு அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அடங்குவார். செவிலியர் பெயர் இருப்பது வேறு பதிவேட்டில். எனவே ஒரே கட்டிலருகே, ஒரே சிகிச்சையில் இருவரும் தவறியிருந்தால், உத்தரவு எழுதியவருக்கு 2 ஆண்டு வரையும், அதை நிறைவேற்றியவருக்கு 5 ஆண்டு வரையும் தண்டனை கிடைக்க இடமுண்டு. இது நியாயமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

கைது விஷயத்திலும் இதே இடைவெளி. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால்தான் குற்ற வழக்கு என்றும், சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெறாமல் காவல்துறை நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், வழக்கமான முறையில் உடனே கைது செய்யக் கூடாது என்றும் நெறிகள் வகுத்தது. அவை மருத்துவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், செவிலியர் ஒருவர் மீதான குற்ற வழக்கை ரத்து செய்தபோது, இதே பாதுகாப்பைச் செவிலியருக்கும் அளிக்கும் வகையில் உத்தரவு பிறப்பிக்கும்படி அம்மாநில அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடலாம். அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை.