தோட்டத்து நோட்டுப் புத்தகம் இணையத்துக்குப் போகும்போது: சங்கங்கள் அறிய வேண்டியவை

பேராவில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு என்று பிரிந்து போய்விட்டார்கள். ஆனால் தோட்டத்தின் பெயரில் தொடங்கிய கோயில் நிர்வாகமும் மரண சகாய நிதியும் பல இடங்களில் இன்னும் நடக்கின்றன. யார் உறுப்பினர், யார் எவ்வளவு சந்தா கட்டினார், யார் வாரிசு என்பதெல்லாம் பெரும்பாலும் பொருளாளர் வீட்டில் உள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் தொலைந்தால், இறந்தவரின் குடும்பம் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கக்கூட ஆதாரம் இல்லாமல் நிற்கும்.

இதை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று இளைஞர்கள் முன்வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். எதைக் கொண்டு, எப்படிக் கட்டுவது என்று தெரிந்துகொண்டு இறங்குவது அவசியம்.

இணையவாசல் என்றால் என்ன?

சாதாரண இணையத்தளத்தை எல்லாரும் ஒரே மாதிரி பார்ப்பார்கள். இணையவாசல் அப்படியல்ல. உள்ளே நுழைபவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரியதை மட்டும் காட்டும். பழைய தோட்ட ஆபீசை நினைத்துப் பாருங்கள். பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுவார். கிராணி அதைச் செக்ரோலில் பதிவார். துரை கையெழுத்துப் போட்ட பிறகுதான் சம்பளம். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய முடியாது. நுழைவு, பொறுப்பு, பதிவு, ஒப்புதல் என்ற இந்த நான்கும்தான் இணையவாசலின் அடிப்படை.

இந்த நான்கையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருளைத்தான் நிறுவன இணையவாசல் தளம் என்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் 2001-இல் வெளிவந்தது. லைஃப்ரே என்ற தளத்தை 2000-ஆம் ஆண்டில் பிரையன் சான் என்பவர் தொடங்கினார். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் நல்ல இணையவாசல் வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். பெரிய கம்பெனிகள் பின்னர்தான் அதை எடுத்துக்கொண்டன.

தளம் என்பது தூணும் கூரையும் போட்ட வீடு. எந்த அறை எதற்கு என்பதை நாம் முடிவு செய்கிறோம். கடவுச்சொல் சோதனை, கோப்புச் சேமிப்பு, தேடல், ஒப்புதல் வரிசை போன்றவற்றைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. நமக்கே உரிய படிவத்தையும் விதிகளையும் மட்டும் அதன்மேல் சேர்க்கிறோம்.

மரண சகாய நிதியை எடுத்துக்கொள்வோம்

ஓர் உறுப்பினர் இறக்கிறார். மகள் கைப்பேசியில் உள்ளே நுழைந்து, மரணச் சான்றிதழைப் படமெடுத்துப் படிவத்தோடு அனுப்புகிறார். செயலாளர் அதைச் சரிபார்க்கிறார். சந்தா பாக்கி உள்ளதா என்பதைத் தளமே காட்டுகிறது. பொருளாளரும் தலைவரும் ஒப்புதல் தந்தால் பணம் போகிறது. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு ஒப்புக்கொண்டார் என்பது பதிவில் நிற்கும். ஆண்டுக் கூட்டத்தில் "எனக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நம் பெயரும் நம் எண்ணும்

வெளிநாட்டில் எழுதிய படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாளக் கார்டில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். அந்தச் சாய்கோட்டையே சில படிவங்கள் ஏற்காது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டும் கார்டில் இன்னொன்றும் உள்ளவர்கள் தோட்டத்தில் ஏராளம். ஆகவே முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். தமிழில் எழுத ஒரு கட்டமும், வேறு ஆவணத்தில் உள்ள பெயருக்கு ஒரு கட்டமும் சேருங்கள்.

அடையாளக் கார்டு எண் ஆளைப் பிரித்தறிய உதவும். ஆனால் அது ரகசியம் அல்ல. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராவுக்கு 08. கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். ஒருவரை ஓரளவு தெரிந்தவர்கூட பாதி எண்ணை ஊகித்துவிடலாம். அதைக் கடவுச்சொல்லாக வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போவதற்குச் சமம்.

இந்தப் பாடத்தை நாடே பார்த்தது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி அரசாங்கம் பாடு என்ற தேசிய தரவுத் தளத்தைத் தொடங்கியது. அடுத்தவரின் கார்டு எண்ணைக் கொண்டு அவர் பெயரில் பதிய வழி இருப்பதாக ஆரம்ப நாள்களிலேயே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டது. திறமையான அதிகாரிகள் கட்டிய தளத்துக்கே இந்த நிலை என்றால், சிறிய சங்கம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எந்த அளவுக்கு எந்தத் தளம்?

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அதை 1960-இல் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டி மக்கள் சேர்ந்தார்கள். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டமே முதலில் வாங்கப்பட்டது. இப்படித் தலைமுறை கடந்து, பல மாநிலங்களில் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்புக்கு லைஃப்ரே போன்ற பெரிய தளம் பொருந்தும்.

200 குடும்பங்கள் உள்ள ஒரு சங்கத்துக்கு அது தேவையில்லை. அதற்குத் தனி சர்வர் வேண்டும், ஜாவா தெரிந்த ஆளும் வேண்டும். சந்தாப் பணம் பராமரிப்புக்கே போய்விடும். மைக்ரோசாஃப்ட் தன் சர்வரிலேயே நடத்தும் ஷேர்பாயிண்ட், அல்லது இலவசமான ஜூம்லா, துருப்பல் போதும்.

கட்டுவதைவிடக் காப்பதுதான் கடினம். 2025 ஜூலையில், நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரில் வைத்திருந்த ஷேர்பாயிண்ட் தளங்கள் உலகமெங்கும் தாக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நடத்தும் இணையப் பதிப்புக்கு அந்தப் பாதிப்பு இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போட ஆள் இல்லாத சங்கம் சொந்த சர்வர் வைக்காமல் இருப்பதே நல்லது.

தொடங்கும் முன்

முதலில் நோட்டுப் புத்தகத்தைச் சரிசெய்யுங்கள். இறந்தவர், இடம் மாறியவர், வாரிசு எழுதாதவர் யார் என்று வீடு வீடாகக் கேளுங்கள். தவறான புத்தகத்தை ஏற்றினால் தவறான இணையவாசல்தான் கிடைக்கும்.

எவர் எதைப் பார்க்கலாம் என்பதைக் கூட்டத்தில் முடிவெடுத்து எழுதி வையுங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வர்த்தக நடவடிக்கைகளில் வரும் தகவல்களுக்கானது. ஆனாலும் அதன் ஒழுங்கு எல்லாச் சங்கத்துக்கும் நல்ல அளவுகோல்.

நிர்வாகி கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். கட்டிக் கொடுத்த பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாலும் தளம் நிற்கக்கூடாது. இணையப் பெயரைத் தனியாள் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் பதியுங்கள். முழுப் பட்டியலையும் மாதம் ஒருமுறை இறக்கி, அச்சிட்டு வையுங்கள்.

கைப்பேசி பிடிக்கத் தெரியாத பாட்டிகளும் தாத்தாக்களும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்கள் வழக்கம்போல் கோயிலுக்கு வந்து சந்தா கட்டட்டும். செயலாளர் அவர்கள் முன்னிலையிலேயே பதிந்து, ரசீது கொடுத்து, வாரிசாக எழுதியுள்ள பெயரை ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்.