பழைய விசாத் தவறு: மறைப்பதுதான் ஆபத்து

விசிட்டர் விசாவில் அமெரிக்கா போய், அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கித் திரும்பிய ஒருவருக்கு, சில ஆண்டுகள் கழித்து எச்-1பி வேலை விசா வாய்ப்பு வருகிறது. “பழசைச் சொன்னா விசா கிடைக்காது, ‘இல்லை’ன்னு போட்டுடு” என்று பக்கத்திலிருப்பவர்கள் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கூடுதலாகத் தங்கியதற்கான தடைக்குச் சட்டத்தில் ஒரு முடிவு உண்டு. பொய் சொன்னதற்கான தடை ஆயுளுக்கும் தொடரும்.

முதலில் நாள் கணக்கு

விசா பத்து ஆண்டுக்குச் செல்லும் என்றால் அத்தனை காலமும் தங்கலாம் என்று பொருளல்ல. எதுவரை தங்கலாம் என்பதை, போய் இறங்கியதும் அங்குள்ள அதிகாரி முடிவு செய்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். விசிட்டர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம்தான். கணக்கு இந்தத் தேதிக்கு மறுநாள் தொடங்குகிறது. 1996-இல் வந்த சட்டப்படி:

- ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாது. பொதுவாகச் சொந்த நாட்டில்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 180 நாள் வரை தனியாகத் தடைக்காலம் இல்லை.
- 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால், வழக்கு எதுவும் தொடங்குமுன் தானாகக் கிளம்பியவருக்கு 3 ஆண்டுத் தடை.
- ஓராண்டும் அதற்கு மேலும் என்றால் 10 ஆண்டுத் தடை.

18 வயது நிறையும் முன் தங்கிய நாட்கள் இதில் சேராது. மாணவர் விசாவில் இருந்தவர்களுக்குக் கணக்கு வேறு; வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உதாரணமாக, ஒருவரின் ஐ-94 தேதி 2022 மார்ச் 10. அவர் கிளம்பியது அக்டோபர் 20. கூடுதலாகத் தங்கியது ஏழு மாதத்துக்கு மேல், அதாவது 224 நாள். தடை 2025 அக்டோபர் 20-உடன் முடிகிறது. அதற்குமுன் போக வேண்டுமானால் தடை விலக்கு கேட்கலாம். செய்த தவறு எவ்வளவு பெரியது, இவரை உள்ளே விடுவதால் யாருக்காவது தீங்கு வருமா, இப்போது எதற்காக வருகிறார் என்ற மூன்றையும் எடைபோட்டு முடிவெடுப்பார்கள். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

படிவத்தில் என்ன எழுதுவது?

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நேரடியாகவே கேட்கிறது: அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா? விசா மறுக்கப்பட்டதுண்டா? ‘ஆம்’ என்றால் காரணம் எழுதவும் இடம் தருகிறது. வந்ததும் போனதும் அமெரிக்க அரசின் கணினியில் பதிவாகியிருக்கும், கைரேகையும் இருக்கும். மேலே சொன்னவர் ‘இல்லை’ என்று போட்டால், முடிந்துபோன 3 ஆண்டுத் தடைக்குப் பதிலாக, தெரிந்தே பொய் சொன்ன குற்றம் சேரும். பிறகு ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டுத்தான் போக முடியும். “ஏஜென்ட் நிரப்பினார்” என்பதும் எடுபடாது, கையெழுத்து உங்களுடையது.

விண்ணப்பிக்கும் முன்

வேலை தரும் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள். எச்-1பி மனு அமெரிக்காவில் ஏற்கப்பட்டாலும் விசா தருவதா இல்லையா என்பதைத் தூதரகம் தனியாகத்தான் முடிவு செய்யும். பழைய தவறு கடைசி நேரத்தில் தெரியவந்தால் வழக்கறிஞராலும் உதவ முடியாது.

ஐ-94 பதிவு, பழைய பாஸ்போர்ட், திரும்பிய பயணத்தின் போர்டிங் பாஸ், தாமதத்துக்கு உடல்நலக் குறைவு காரணமென்றால் மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

நேர்காணலில் கேட்டால் நான்கு வாக்கியம் போதும்: எந்தத் தேதியைத் தாண்டினேன், ஏன், எப்போது கிளம்பினேன், அதன்பின் எப்படி இருந்திருக்கிறேன். படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் இந்த முறை விசா மறுக்கப்படலாம். ஆனால் உண்மை சொல்லி மறுக்கப்பட்டவர் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். முதலில் சொன்னதையே அப்போதும் சொல்லலாம்.